வாங்கியவர்கள் காட்டிய வழி: ஸ்காட்லாந்தில் ஊருடைமை பரவிய வரலாறு

ஊரின் நிலத்தையும் பொதுக் கட்டடங்களையும் ஊராரே விலைக்கு வாங்கி நடத்துவது இன்று ஸ்காட்லாந்தில் அரசுக் கொள்கையாகவே நிலைபெற்றுவிட்டது. தீவு, மேய்ச்சல் நிலம், கடை, படகுத்துறை, கைவிடப்பட்ட தேவாலயம், மூடிய பள்ளிக்கூடம் என 2020-களின் தொடக்கத்தில் 700-க்கும் மேற்பட்ட சொத்துகள் அங்கே ஊரமைப்புகளின் கையில் இருந்தன. பரப்பளவில் இது ஏறத்தாழ 2 லட்சம் ஹெக்டேர்; நாட்டின் மொத்த நிலத்தில் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் தனியார் பெருநில உடைமை இவ்வளவு இறுகிப்போன ஒரு நாட்டில் இந்தச் சிறு பங்கும் எளிதில் வந்ததல்ல. இதன் காரணத்தைக் கேட்டால் பெரும்பாலோர் இரண்டைச் சொல்வார்கள்: 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், 2001-இல் தொடங்கிய ஸ்காட்டிஷ் நில நிதியம். இரண்டும் முக்கியமானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் நிகழ்வுகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால், சட்டத்துக்கும் பணத்துக்கும் முன்பே ஒன்று வேலை செய்திருப்பது தெரிகிறது. முன்னதாக வாங்கிய ஊரார், வாங்க நினைக்கும் ஊராருக்குத் துணை நின்றதுதான் அது. பின்னாளில் வந்த சட்டத்துக்கும் பணத்துக்கும் அடித்தளம் இட்டதில் அந்தத் துணைக்குப் பெரும் பங்குண்டு என்பது இக்கட்டுரையின் வாதம்.

முன்மாதிரி ஒன்று கண்முன் இருந்தால் போதும், மற்றவர்கள் தாமே பின்பற்றுவார்கள் என்று நினைப்பது இயல்பு. ஸ்டார்னோவே நகரத்தின் கதை அந்த நினைப்பைப் பொய்யாக்குகிறது. லூயிஸ் தீவின் உடைமையாளராக இருந்த லெவர்ஹியூம் பிரபு, தம் தொழில் திட்டங்கள் கைகூடாமல் வெளியேறியபோது, நிலத்தை அங்கு வாழ்பவர்களுக்கே தர முன்வந்தார். ஸ்டார்னோவே பகுதியினர் ஏற்றுக்கொண்டனர். 1923-இல் உருவான அறக்கட்டளை இன்றும் நடக்கிறது. தீவின் ஏனைய பகுதிகளில் இருந்த குறுநிலக் குத்தகையாளர்கள் மறுத்துவிட்டனர். அவர்களின் குத்தகை உரிமையை 1886-ஆம் ஆண்டுச் சட்டமே காத்துவந்தது. நில உடைமையாளராக மாறினால் வரிச்சுமையும் பொறுப்பும் தம் தலையில் விழும் என்று அஞ்சினார்கள். அந்த அச்சம் பகுத்தறிவுக்குப் பொருந்தாதது என்று சொல்ல முடியாது. அதைத் தீர்த்துவைக்கக்கூடிய, அதே நிலையைக் கடந்து வந்த ஒருவர் அன்று எங்குமே இல்லை. ஸ்டார்னோவேக்கோ நிலம் கொடையாக வந்தது. போராடி வாங்கிய அனுபவம் அங்கே இல்லாததால், பிறருக்குச் சொல்லிக்கொடுக்கவும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஏறத்தாழ 70 ஆண்டுகள் அது தனித்த உதாரணமாகவே நின்றது.

மாற்றத்தின் முதல் தடம் நில உடைமையில் தெரியவில்லை. கூட்டுறவுக் கடைகளில் தெரிந்தது. 1965-இல் அமைக்கப்பட்ட மேட்டுநில, தீவுகள் வளர்ச்சி வாரியம் 1977-இல் ஊர்க் கூட்டுறவுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன் மாதிரி அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து வந்தது. அங்கே கிளென்கொலம்கில் என்ற ஊரில் ஜேம்ஸ் மெக்டயர் என்ற பாதிரியார், ஆட்கள் வெளியேறிக்கொண்டிருந்த ஓர் ஊரைக் கூட்டுறவால் நிமிர்த்திக் காட்டியிருந்தார். ஊரார் பங்குத் தொகை திரட்டினால் வாரியம் அதற்கு ஈடாக மானியம் தரும் என்பது ஏற்பாடு. பணத்தைவிடக் கவனிக்க வேண்டியது, ஊர் ஊராகச் சென்று ஆலோசனை சொன்ன களப்பணியாளர்கள். லூயிஸின் வடகோடியில் உள்ள நெஸ் பகுதியில் தொடங்கி, ஆர்க்னி தீவுகள் வரை இக்கூட்டுறவுகள் முளைத்தன. கடை, உரம், பின்னலாடை, விருந்தினர் விடுதி என ஒவ்வோர் ஊரும் தனக்கு ஏற்றதைத் தேர்ந்துகொண்டது. பல பின்னர் நொடித்துப் போயின. கணக்கில் மட்டும் பார்த்தால் இது தோல்வி. ஆனால் கூட்டம் நடத்தவும், கணக்கைப் பொதுவில் வைக்கவும், உறவினரும் அண்டை வீட்டாருமே உறுப்பினர்களாக இருக்கும் அமைப்பில் சண்டை முற்றாமல் முடிவெடுக்கவும் ஒரு தலைமுறை அங்கே பழகியது. பின்வந்த நில இயக்கத்தைப் புரிந்துகொள்ள இந்தப் பழக்கத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

1992-இல் அசின்ட்டில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் ஊருக்கு ஊர் கைமாறிய அறிவு எத்தகையது என்பது அதில்தான் தெளிவாகிறது. வடமேற்குக் கரையில் 21,000 ஏக்கர் பரப்புள்ள வட லாகின்வர் பண்ணை ஒரு ஸ்வீடன் நிறுவனத்தின் கையில் இருந்தது. நிறுவனம் திவாலானதும், கடன் தீர்ப்பவர்கள் பண்ணையை ஏழு துண்டுகளாகப் பிரித்து விற்க முனைந்தனர். அந்நிலத்தில் தலைமுறைகளாகக் குத்தகைக்கு இருந்தவர்கள் ஒன்றுகூடி அறக்கட்டளை அமைத்தனர். ஆலன் மெக்ரே, பில் ரிச்சி, ஜான் மெக்கென்சி ஆகியோர் முன்னின்றனர். அவர்களிடம் பணம் போதவில்லை. ஆனால் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிடி இருந்தது: குத்தகையாளர் ஒவ்வொருவரும் தம் துண்டு நிலத்தை ஆண்டு வாடகையின் 15 மடங்கு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். மிகச் சொற்பமான தொகை அது. வேறு யார் பண்ணையை வாங்கினாலும், நாங்கள் தனித்தனியே இந்த உரிமையைப் பயன்படுத்துவோம் என்று அவர்கள் அறிவித்தார்கள். வெளியார் வாங்கினால் கையில் மிஞ்சுவது சல்லடை போன்ற நிலம் என்பது எல்லோருக்கும் புரிந்தது. 3 லட்சம் பவுண்டு விலைக்குப் பேரம் படிந்து, 1993 பிப்ரவரி 1 அன்று நிலம் கைமாறியது. அந்த உரிமை 16 ஆண்டுகளாகச் சட்டப் புத்தகத்தில் கிடந்ததுதான். தனியொருவர் தம் துண்டை வாங்கிக்கொள்ளத் தந்த வழியை ஊர் முழுவதற்குமான கேடயமாகத் திருப்பலாம் என்று ஒருவர் செய்துகாட்டிய பிறகே அது மற்றவர்களுக்கும் கருவியாயிற்று.

பரவல் உடனே தொடங்கியது. அதே 1993-இல் ஸ்கை தீவின் போர்வ், அனிஷேடர் ஊரார் தங்கள் நிலத்தை வாங்கினர். 1995-இல் வடகரையின் மெல்னஸ் ஊருக்கு உடைமையாளரே நிலத்தை விட்டுக்கொடுத்தார். குறுநிலக் குத்தகையாளர் சங்கமும் மேட்டுநில, தீவுகள் வளர்ச்சி அமைப்பும் சேர்ந்து, நிலம் வாங்க நினைப்பவர்களுக்கான ஆலோசனைச் சேவை ஒன்றை நடத்தின. அசின்ட்டுக்காகச் சட்டப் பணி செய்த ஸ்டார்னோவே வழக்கறிஞர் சைமன் ஃபிரேசர் எய்க் தீவுக்கும் அதே பணியைச் செய்தார். ஒரே வழக்கறிஞர் இரண்டு ஊர்களில் வேலை செய்வது சிறு விவரமாகத் தோன்றலாம். முதல் ஊர் பல மாதம் திணறித் தீர்த்த சிக்கல், இரண்டாவது ஊருக்கு ஒரு மாலைப் பேச்சில் தீர்ந்துவிடுவது இப்படித்தான். எய்க்கின் நிலையோ வேறு. அசின்ட்டின் பேரப் பிடி அங்கே அப்படியே பொருந்தவில்லை. வாடகைக் குடிகளாக ஏறத்தாழ 60 பேர் மட்டுமே வாழ்ந்தனர். ஆகவே தீவுவாசிகள், மேட்டுநில உள்ளாட்சி மன்றம், ஸ்காட்லாந்து வனவிலங்கு அறக்கட்டளை ஆகிய மூவரும் கூட்டாக ஓர் அறக்கட்டளை அமைத்து, பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி, 1997 ஜூன் 12 அன்று தீவை வாங்கினர். மறு ஆண்டே படகுத்துறை அருகே கடை, அஞ்சல் நிலையம், தேநீர்க் கூடம் ஆகியவை ஒரே கூரையின் கீழ் அமைந்த பொதுக் கட்டடம் எழுந்தது. தீவு தம் கைக்கு வந்ததும் அவர்கள் முதலில் கட்டியவற்றில் ஒன்று எல்லோரும் கூடும் இடம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சட்டமும் பணமும்தானே உண்மையான காரணம், மற்றதெல்லாம் துணைக் கதை என்ற மறுப்புக்கு இங்கே பதில் சொல்லலாம். அசின்ட், எய்க், 1999-இல் வாங்கப்பட்ட நாய்டார்ட் ஆகிய மூன்றும் நில நிதியத்துக்கும் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் முற்பட்டவை. எய்க் விற்பனை முடிந்த அதே 1997-இல்தான் ஊர் நிலப் பிரிவு என்ற அரசு ஆலோசனை அமைப்பு பிறந்தது. அதாவது, அமைப்பு ஊரைத் தேடிப் போகவில்லை. ஊர் செய்து காட்டியதைப் பார்த்து அமைப்பு வந்தது. ஆனால் மறுப்பில் பாதி உண்மை இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2002-இல் 40 லட்சம் பவுண்டுக்கு கீயா தீவு வாங்கப்பட்டது நில நிதியம் இல்லாமல் நடந்திருக்காது. 2006-இல் அந்தத் தனி நிதியம் முடிந்த பிறகு புதிய வாங்கல்கள் வெகுவாகத் தளர்ந்தன. அனுபவம் எவ்வளவு இருந்தாலும் விலையை யாராவது கொடுக்கத்தான் வேண்டும். அப்படியானால் பணம் திரும்பி வந்தது எப்படி? ஏற்கெனவே நிலம் வைத்திருந்த ஊரமைப்புகள் 2010-இல் ஒன்றுசேர்ந்து ‘கம்யூனிட்டி லேண்ட் ஸ்காட்லாந்து’ என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. ஒருவருக்கொருவர் ஆலோசனை சொல்லத் திரண்டவர்கள் அரசிடம் ஒரே குரலில் பேசவும் கற்றார்கள். 2012-இல் நில நிதியம் மீண்டும் வந்தது. 2013-இல் அந்தக் கூட்டமைப்பின் மாநாட்டு மேடையிலேயே முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்ட், 2020-க்குள் 10 லட்சம் ஏக்கர் ஊருடைமை என்ற இலக்கை அறிவித்தார். பணம் துணையை உண்டாக்கியதா, துணை பணத்தை வரவழைத்ததா என்ற கேள்விக்கு இந்த வரிசையே விடை.

கையேடு எழுதி எல்லா ஊருக்கும் அனுப்பினால் போதாதா என்று கேட்கலாம். 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நடைமுறையைப் பார்த்தால் ஏன் போதாது என்பது விளங்கும். முதலில் ஊர் எது, எல்லை எது என்று வரையறுத்து ஓர் அமைப்பைப் பதிய வேண்டும். அந்த எல்லைக்குள் வாக்குரிமை உள்ளவர்களில் குறைந்தது பத்தில் ஒருவர் ஆதரவுக் கையெழுத்திட வேண்டும். பதிவு ஐந்தாண்டுகளே செல்லும். பின்னர் புதுப்பிக்க வேண்டும். உடைமையாளர் விற்க முன்வந்தால் கடிகாரம் ஓடத் தொடங்கும்: தொடக்கத்தில் ஆறு மாதம், பின்னர் எட்டு மாதம். அதற்குள் மதிப்பீடு, வாக்கெடுப்பு, அமைச்சரின் ஒப்புதல், நிதி எல்லாம் முடிந்தாக வேண்டும். இத்தனையையும் கையேட்டில் எழுதலாம். எல்லையைச் சாலைக்கு இந்தப் பக்கம் நிறுத்தினால் அந்தப் பக்கத்தார் மனக்கசப்பு அடைவார்களா, வாக்கெடுப்பைக் குளிர்காலத்தில் வைக்கலாமா, எதிர்ப்பவரைக் குழுவில் சேர்ப்பதா வேண்டாமா என்பவற்றை எழுதிவைக்க முடியாது. இவை ஊரறிந்து எடுக்கும் முடிவுகள். எடுத்துத் தவறியவரோ தப்பியவரோ நேரில் சொன்னால்தான் காதில் ஏறும். அதனாலேயே, ஓர் ஊரார் மற்றோர் ஊரைச் சென்று பார்த்துவரும் செலவை ஏற்கும் கற்றல் பரிமாற்றத் திட்டம் ஒன்றை ‘ஸ்காட்டிஷ் கம்யூனிட்டி அலையன்ஸ்’ அரசு நிதியில் நடத்துகிறது. சிறு தொகைதான், ஆனால் இந்தத் துறையில் செலவிடப்படும் பணத்தில் மிகச் சரியான இடத்துக்குப் போவது அதுவே என்பது என் கணிப்பு.

தீவில் செல்லுபடியானது நகரத்தில் செல்லுமா என்பது அடுத்த ஐயம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த இடத்தில் நம்பிக்கை தானே வளரும். அடுத்த மாடியில் இருப்பவர் பெயரே தெரியாத தெருவில் என்ன செய்வது? சட்டமும் முதலில் 10,000 பேருக்கு மேற்பட்ட குடியிருப்புகளை விலக்கியே வைத்திருந்தது. 2015-ஆம் ஆண்டின் சமூக அதிகாரமளித்தல் சட்டத்தின் வழியாக 2016-இல்தான் நகரங்களுக்குக் கதவு திறந்தது. 2017-இல் எடின்பரோவின் கடற்கரைப் பகுதியான போர்ட்டபெல்லோவில், சபை விற்க முடிவுசெய்த பழைய தேவாலயத்தையும் அதன் கூடங்களையும் அப்பகுதியினர் அச்சட்டம் தந்த வாங்கும் உரிமையின் வழியே தமதாக்கிக்கொண்டனர். நகர்ப்புறத்தில் அதுவே முதல். மறு ஆண்டு ‘பெல்ஃபீல்ட்’ என்ற பெயரில் அது பொதுக் கூடமாகத் திறந்தது. அதற்கு வெகு முன்பே, 2003-இல் தொடங்கிய வளர்ச்சி அறக்கட்டளைகளின் சங்கம் 2011 முதல் ஊருடைமை ஆதரவுச் சேவையை நடத்திவந்தது. கிராமங்களில் திரண்ட அறிவு நகரத்துக்கு வந்து சேர்ந்த வழிகளுள் அது ஒன்று. நகரத்துக்குச் சொந்தமான மரபும் இருந்தது. கிளாஸ்கோவின் கினிங் பார்க்கில், பழைய பள்ளிக் கட்டடத்தில் நடந்த சமூக நிலையத்தை நகராட்சி மூட முனைந்தபோது, 1996-இல் அப்பகுதி மக்கள், பெரும்பாலும் பெண்கள், 55 நாள் உள்ளேயே தங்கி அதைக் காத்தனர். 2019-இல் ஒரு பவுண்டுக்கு அது அவர்களுக்கே சொந்தமாயிற்று. நிலம் வாங்கிய தீவினரும் கட்டடத்தை விடாமல் பிடித்துக்கொண்ட நகரத்தாரும் இன்று ஒரே வகைச் சிக்கல்களோடு வாழ்கிறார்கள்: ஒழுகும் கூரை, உயரும் எரிபொருள் கட்டணம், சலித்துப்போகும் தன்னார்வலர்கள். ஆகவே அவர்களிடையே பேச்சுக்குப் பஞ்சமில்லை.

இந்த வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான மறுப்பு இனித்தான் வருகிறது. வழிகாட்ட வருபவர்கள் வென்றவர்கள். தோற்றவர்களை யாரும் அழைப்பதில்லை. ஆகவே கைமாறும் அறிவு ஒரு பக்கம் சாய்ந்தது. கீயாவில் மூன்று காற்றாலைகள் சுழன்று வருமானம் தந்த கதை எங்கும் சொல்லப்பட்டது. சீரழிந்த வீடுகளைப் புதுப்பிக்கப்போய் அதே அறக்கட்டளை பெருங்கடனில் சிக்கிய கதை அந்த அளவுக்குச் சொல்லப்படவில்லை. 10 லட்சம் ஏக்கர் இலக்கு எட்டப்படாமல் போனதற்கும் இதில் ஒரு பங்கு இருக்கலாம்: வாங்குவது எப்படி என்பதைச் சொல்லத் தெரிந்தவர்கள் பலர், வாங்கியதைச் சுமப்பது எப்படி என்பதைச் சொல்பவர்கள் சிலர். இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். ஆனால் இது துணையின் பயனை மறுக்கவில்லை. துணை எங்கே போதாமல் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. 1970-களின் ஊர்க் கூட்டுறவுகள் நொடித்த காரணங்களை அவற்றை நடத்தியவர்களே முன்வந்து சொல்லியிருந்தால், அது எந்த வெற்றிக் கதையைவிடவும் பின்வந்தவர்களுக்குப் பயன்பட்டிருக்கும்.

எய்க் தீவு இதில் ஒரு மாற்று வழியைக் காட்டுகிறது. 2008-இல் நீர், காற்று, சூரியன் மூன்றிலிருந்தும் மின்சாரம் எடுக்கும் சொந்த அமைப்பை அங்கே நிறுவியபோது, வீடு ஒன்றுக்கு ஒரே நேரத்தில் 5 கிலோவாட், தொழிலகத்துக்கு 10 கிலோவாட் என்று உச்சவரம்பு விதித்தார்கள். பார்க்க வருகிறவர்கள் கருவிகளைப் பார்த்து வியந்து போகலாம். கற்க வேண்டியது அந்த வரம்புக்கு ஊர் முழுவதையும் இணங்க வைத்த பேச்சு. சலவை இயந்திரத்தையும் கெண்டியையும் ஒருசேரப் போடாமல் இருக்க ஒவ்வொரு வீடும் பழகிய விதம். அது வாங்கிய நாளுக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து நடந்தது. நிதியமும் ஆலோசனைச் சேவையும் இன்றும் பெரும்பாலும் பத்திரம் பதியும் நாளை நோக்கியே அமைந்திருக்கின்றன. பதிவுக்குப் பிந்தைய பத்தாவது, இருபதாவது ஆண்டில் இருக்கும் ஊர்களை ஒன்றோடொன்று இணைத்து, முதல் தலைமுறை விலகும்போது பொறுப்பை யார் ஏற்பது, தேய்ந்த கட்டடத்துக்கு யார் செலவிடுவது என்பதைப் பேசவைக்கும் ஏற்பாடு அதே அளவில் நிதியும் ஆளும் பெறவேண்டும். அசின்ட் வாங்கப்பட்டு 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பொறுப்புமாற்றத்தை நேரில் கண்டவர்கள் இன்னும் அங்கே வாழ்கிறார்கள்.