குளிர்சாதனக் காரும் எஞ்சினின் வெற்றோட்டமும்

மோட்டார் வண்டி ஓடும்போது அதன் எஞ்சின் உழைக்கின்றது என்பதை எல்லோரும் அறிவோம். வண்டி நிற்கும்போது எஞ்சின் என்ன செய்கின்றது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. வண்டி நின்றிருக்க, எஞ்சின் மட்டும் மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும் அந்நிலையைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லுக்குச் சோம்பியிருத்தல் என்பது பொருள். நம் நாட்டு மெக்கானிக்குகளும் அதையே எடுத்துக்கொண்டு 'ஐடிலிங்' என்கின்றனர். தமிழில் இதனை வெற்றோட்டம் எனலாம். ஆயின் இதனைச் சோம்பல் என்பது பொருந்தாது. எஞ்சின் தன் உடம்பின் உராய்வைத் தானே வென்று, அணைந்துவிடாமல் உயிர் தரித்திருக்கும் நிலை அது. கையிருப்பு ஏதுமின்றி அன்றாடச் செலவுக்கு மட்டும் சம்பாதிக்கும் குடும்பத்தைப் போன்றது அதன் வாழ்வு.

அத்தகைய குடும்பத்திற்குத் திடீரென்று ஒரு விருந்தாளி வந்தால் எப்படியிருக்கும்? மே மாதத்து டில்லியிலோ நாகபுரியிலோ ஆமதாபாதிலோ சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்காகக் காத்திருப்போர் இதனைக் கண்கூடாக அறிவர். வெளியே வெப்பம் 45 டிகிரி. காரில் குளிர்சாதனம் ஓடுகின்றது. திடீரென்று வண்டி நடுங்குகின்றது. சில சமயம் எஞ்சினே நின்றுவிடுகின்றது. பின்னால் நிற்போர் ஹாரன் அடிக்கின்றனர். இது வெறும் அசௌகரியம் மட்டுமன்று. ஊர்ந்து செல்லும்போது எஞ்சின் நின்றுவிட்டால், பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசை சிறிது நேரத்தில் தீர்ந்துபோகும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். ஆகவே இக்குறையை அலட்சியம் செய்தல் ஆகாது.

பட்டறைக்குச் சென்றால் ஒருவர் வாயு நிரப்ப வேண்டும் என்பார். மற்றொருவர் கம்ப்ரஸரையே மாற்ற வேண்டும் என்பார். மூன்றாமவர் ஒரு திருகைத் திருப்பி எஞ்சினின் வேகத்தைக் கூட்டி அனுப்பிவிடுவார். பணம் செலவாகும், குறை நீங்காது. இதன் மூலகாரணத்தைக் காண விரும்புவோர் இதன் வரலாற்றைச் சிறிது தெரிந்துகொள்ளல் நலம் என்பது நம் கருத்து. காரிலுள்ள ஒவ்வோர் உறுப்பும் என்றோ ஒரு நாள் எழுந்த ஒரு சங்கடத்திற்கு விடையாக வந்து சேர்ந்ததே. எந்தச் சங்கடத்திற்கு எது விடை என்று தெரிந்தால், சங்கடம் மீண்டும் தலைகாட்டும்போது எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரியும்.

அமெரிக்கப் பொறியியலார் வில்லிஸ் கேரியர் 1902-ஆம் ஆண்டில் புரூக்ளினிலிருந்த ஓர் அச்சகத்திற்காக நவீனக் குளிர்சாதனத்தை வகுத்தார். அது கட்டடத்திலிருந்து காருக்குள் வர ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பிடித்தன. டிட்ராய்ட் நகரத்துப் பேக்கார்டு கம்பெனி 1939-இல் அதனைக் காட்சிக்கு வைத்து, தனது 1940-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இச்சாதனத்தின் விலை 274 டாலர். குளிரூட்டும் பகுதி பின்புறத்துப் பெட்டி வைக்கும் இடத்தில் பெரும்பங்கை அடைத்துக்கொண்டது. வாயுவை அழுத்தும் கம்ப்ரஸரோ, முன்னே எஞ்சினோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்டிருந்தது. எஞ்சின் சுழலும் வரை கம்ப்ரஸரும் சுழலும்; அதனை விலக்கி வைக்க வழியில்லை. குளிர்காலத்தில் அதனை நிறுத்த விரும்பியவர் எஞ்சினை நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டியிருந்தது. வாங்குவோர் அதிகமின்மையால் 1941-க்குப் பின் பேக்கார்டு இதனைக் கைவிட்டது.

இருப்பினும் அப்பழைய ஏற்பாட்டில் ஒரு நன்மை இருந்தது. கம்ப்ரஸரின் சுமை எப்போதும் ஒரே தன்மையாக எஞ்சின்மேல் இருந்தபடியால், அதற்கேற்றவாறு வெற்றோட்டத்தை ஒருமுறை அமைத்துவிட்டால் போதும். பெரிய எஞ்சின், நிரந்தரச் சுமை. திடுக்கிட வேண்டிய அவசியமே அதற்கு இல்லை.

திடுக்கிடல் வந்தது 1954-இல். அவ்வாண்டு நாஷ் கம்பெனி, தன் அம்பாசடர் என்னும் காரில் சாதனம் முழுவதையும் முன்புறத்திலேயே அடக்கி, மின்சாரக் கிளச் ஒன்றையும் சேர்த்தது. நம் நாட்டு அம்பாசடர் வேறு, இது வேறு. விசையைத் தட்டினால் மின்காந்தம் கம்ப்ரஸரைப் பற்றிக்கொள்ளும், நிறுத்தினால் விட்டுவிடும். கையால் பெல்ட்டைக் கழற்றும் தொல்லை ஒழிந்தது. ஆயின் ஒரு புதிய தொல்லை பிறந்தது. அதுவரை இல்லாத சுமை ஒரு கணத்தில் வந்து எஞ்சின்மேல் அமர்கின்றது. மறுகணம் எழுந்து போய்விடுகின்றது. நிமிடத்துக்கு எழுநூறு, எண்ணூறு சுற்று மட்டுமே சுழன்று உயிர் தரிக்கும் எஞ்சினுக்கு அது பெரிய அதிர்ச்சி. இன்று நாம் காணும் குறையின் பிறப்பிடம் இதுவே.

நம் நாட்டிற்கு வருவோம். கல்கத்தாவிற்கு அருகே உத்தரபாராவில் 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை உருவான அம்பாசடரும், பம்பாயின் குர்லாவில் உருவான பியட், பத்மினிக் கார்களும் குளிர்சாதனத்தை எண்ணி வகுக்கப்பட்டவை அல்ல. பின்னாளில் வசதியுள்ளோர் அவற்றில் குளிர்சாதனத்தைத் தனியே வாங்கிப் பொருத்திக்கொண்டனர். அப்போது மிஸ்திரிகள் கையாண்ட உபாயம் எளியது. கார்ப்புரேட்டரிலுள்ள திருகைச் சற்றே திருப்பி வெற்றோட்டத்தின் வேகத்தைக் கூட்டிவிடுவர். குளிர்சாதனம் ஓடும்போது எஞ்சின் நிற்காது என்பது மெய்யே. அது ஓடாதபோதும் எஞ்சின் வீணே இரைந்துகொண்டு பெட்ரோலைக் குடித்துக்கொண்டிருக்கும். நோயைத் தீர்க்காமல் வலியை மட்டும் மறைக்கும் இவ்வழக்கம் நம் பட்டறைகள் சிலவற்றில் இன்றும் மறையவில்லை.

1983 டிசம்பர் 14 அன்று மாருதி 800 வெளிவந்தது. மூன்றே சிலிண்டர், 796 கன சென்டிமீட்டர், நாற்பது குதிரை சக்திக்கும் குறைந்த எஞ்சின். இத்தகைய சிறு எஞ்சினில் குளிர்சாதனம் இரண்டு மூன்று குதிரை சக்தியைக் கேட்டாலும் அது பெரிய பங்கு. திருகைத் திருப்பி இதனைச் சமாளித்தல் இயலாது. ஆகவே ஜப்பானிய முறையில் அமைந்த கார்ப்புரேட்டர் கார்களில், வேகத்தைத் தானே உயர்த்தும் ஒரு சிறு உறுப்பு இடம்பெற்றது. குளிர்சாதனத்தைப் போட்டவுடன் ஒரு மின்வால்வு திறக்கும். எஞ்சினின் உறிஞ்சுவிசை ஒரு ரப்பர்க் குழாய் வழியே சென்று ஒரு மெல்லிய சவ்வை இழுக்கும். சவ்வு திராட்டிலைச் சிறிதே திறந்துவிடும். சாதனத்தை நிறுத்தினால் யாவும் பழைய நிலைக்கு மீளும். அழகான ஏற்பாடு, ஆயின் குழாயும் சவ்வும் உஷ்ணத்தில் வெடிக்கக்கூடியவை. வெடித்தால் இரட்டைக் கேடு: வேகம் உயர்வதும் நின்றுபோகும், அவ்வெடிப்பின் வழியே வேண்டாத காற்று நுழைந்து வெற்றோட்டத்தையும் குலைக்கும்.

அடுத்த மாற்றம் பட்டறையிலிருந்து வரவில்லை, நீதிமன்றத்திலிருந்து வந்தது. டில்லியின் காற்று மாசு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999 ஏப்ரல் 29 அன்று ஆணை பிறப்பித்தது. தலைநகர்ப் பகுதியில் பதிவாகும் தனியார் கார்கள் 1999 ஜூன் 1 முதல் யூரோ 1 அளவையும், 2000 ஏப்ரல் 1 முதல் யூரோ 2 அளவையும் எட்ட வேண்டும் என்பது அதன் சாரம். புகையை அவ்வளவு நுட்பமாக அடக்குதல் கார்ப்புரேட்டருக்கு எளிதாக இல்லை. எனவே ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே பெட்ரோலைத் தெளிக்கும் முறையும், அதனை ஆளும் மின்னணுக் கணிப்பொறியும் நம் கார்களில் விரைந்து பரவின. கார்களின் முதுகில் எம்.பி.எப்.ஐ. என்ற எழுத்துகள் பெருமையோடு மின்னிய காலம் அது.

இக்கார்களில் குளிர்சாதன விசையை அழுத்துவது கட்டளை அன்று; விண்ணப்பம். விண்ணப்பம் கணிப்பொறிக்குச் செல்கின்றது. எஞ்சினின் உஷ்ணம், வேகம், வாயுவின் அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்து, அது முதலில் எஞ்சினுக்குச் சிறிது காற்றை அதிகமாக விடுகின்றது. அதன் பிறகே கம்ப்ரஸரின் கிளச்சைச் சேர அனுமதிக்கின்றது. இத்தனையும் நொடிப் பொழுதில் முடிந்துவிடும். விருந்தாளி வருமுன்பே உலையில் அரிசி போட்டுவிடுவது போன்றது இது.

ஆக, மூன்று காலங்களைக் கண்டோம். கையால் சரிசெய்த காலம் ஒன்று. உறிஞ்சுவிசையால் சரிசெய்த காலம் இரண்டு. கணிப்பொறியால் சரிசெய்யும் காலம் மூன்று. மூன்றிலும் ஓர் உண்மை மாறவில்லை. குளிர்சாதனம் சுமையைக் கொண்டுவருகின்றது. நோயைப் பெரும்பாலும் கொண்டுவருவதில்லை. முன்பே உள்ளிருக்கும் பலவீனத்தை அது வெளிக்காட்டுகின்றது. ஆகவே தேடலை எஞ்சினிலிருந்து தொடங்க வேண்டும்; குளிர்சாதனத்தில் தொடங்குதல் தவறு.

நிற்க, பரிசோதனை செய்யும் முறையைக் கூறுவோம். திறந்த வெளியில் வண்டியை நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்துவிட வேண்டும். மூடிய கொட்டகைக்குள் இதனைச் செய்தல் கூடாது. எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமின்றி உயிரைக் குடிக்கும்.

எஞ்சின் நன்கு சூடேறியபின், குளிர்சாதனத்தைப் போடாமல் வெற்றோட்டத்தைக் கவனிக்கவும். அப்போதே நடுங்கினால் குளிர்சாதனத்தைக் குறை கூறுவதில் பயனில்லை. ஸ்பார்க் பிளக், காற்று வடிகட்டி, உறிஞ்சுகுழாய்களின் கசிவு, திராட்டிலில் படிந்த கரி ஆகியவற்றையே பார்க்க வேண்டும்.

அது சீராக இருந்தால், குளிர்சாதனத்தைப் போடாமல் உள்விசிறியை மட்டும் முழு வேகத்தில் விட்டு, முகப்பு விளக்குகளையும் ஏற்றவும். இம்மின்சுமைக்கே எஞ்சின் தளர்ந்தால், எந்தச் சுமை வந்தாலும் வெற்றோட்டத்தை ஈடுசெய்யும் ஏற்பாடு வேலை செய்யவில்லை என்பதோ, பாட்டரியும் ஆல்டர்னேட்டரும் நலிந்துள்ளன என்பதோ புலனாகும்.

அதன் பிறகே குளிர்சாதனத்தைப் போட வேண்டும். முள் ஒரு கணம் தாழ்ந்து உடனே நிமிர்ந்தால் அஃது இயல்பு. தாழ்ந்தது நிமிராமலே இருந்தால் ஈடுசெய்யும் உறுப்பில் குறை. பழைய காரில் சவ்வையும் குழாயையும் பார்க்கவும். இடைக்காலத்துக் காரில் காற்று வழியிலுள்ள சிறு வால்வில் கரி அடைத்திருக்கும். அண்மைக்காலத்துக் காரில் திராட்டிலையே ஒரு மோட்டார் இயக்குவதால் அங்கே படிந்த அழுக்கைத் துடைக்க வேண்டும். சில கார்களில் துடைத்த பின்போ, பாட்டரியைக் கழற்றி மாட்டிய பின்போ, கணிப்பொறி தன் அளவைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

முள் ஓயாது ஏறி இறங்க, அதனோடு 'டக், டக்' என்று கிளச் அடிக்கடி சேர்ந்து விலகும் ஓசை கேட்டால், வாயு குறைந்திருக்கலாம். அப்போதும் கசிவைக் கண்டுபிடிக்காமல் வாயுவை நிரப்புதல் ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதேயாகும். முதலில் நன்றாயிருந்து, பத்து நிமிடம் நெரிசலில் நின்ற பிறகே எஞ்சின் தளர்ந்தால் முன்புற விசிறியையும், புழுதி அடைத்த கண்டன்சரையும் பார்க்கவும். அங்கே வெப்பம் வெளியேறாவிடில் வாயுவின் அழுத்தம் ஏறும், கம்ப்ரஸர் கனக்கும். வாயுவை அளவுக்கு மேல் நிரப்பினாலும் இதே விளைவு. சுற்று சரியாயிருந்தும் உடம்பு மட்டும் நடுங்கினால், எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் தேய்ந்திருக்கலாம். பெல்ட் கிறீச்சிட்டால் குளிர்சாதனத்தை உடனே நிறுத்திவிட்டு, பெல்ட்டின் தளர்ச்சியையும் கம்ப்ரஸர் இறுகியுள்ளதா என்பதையும் காணவும்.

வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இங்கே ஒரு தனிச் சிரமம் உண்டு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அது நன்கு புரிகின்றது. "ஏ.சி. போட்டால் வண்டி நின்றுவிடுகின்றது" என்னும் ஒரே வாக்கியத்தில் மேற்கூறிய நோய்களுள் பல அடங்கிவிடுகின்றன. அதனையே "ஏ.சி. சலாத்தே ஹீ காடீ பந்த் ஹோ ஜாதீ ஹை" என்று இந்தியில் கூறினாலும் மிஸ்திரிக்கு அதற்குமேல் ஒன்றும் தெரியாது. அவர் "ரேஸ் பட்டா தூம்?" என்று கேட்பார், வேகத்தைக் கூட்டட்டுமா என்பது பொருள். மொழி போதாத தயக்கத்தில் நாமும் தலையாட்டிவிடுகின்றோம். போட்டவுடனா, பத்து நிமிடம் கழித்தா. சுற்று தாழ்கின்றதா, ஏறி இறங்குகின்றதா. விளக்குகளுக்கும் தளர்கின்றதா, குளிர்சாதனத்துக்கு மட்டுமா? இம்மூன்று கேள்விகளுக்கும் விடையை ஒரு சீட்டில் எழுதி எடுத்துச் சென்றால், அரைகுறை இந்தியிலும் வங்காளியிலும் மராத்தியிலும்கூடச் சரியான வைத்தியத்தைக் கேட்டுப் பெறலாம். தெளிவாகச் சொல்லப்பட்ட குறை பாதி தீர்ந்த குறை.

இவ்வரலாற்றின் அடுத்த அத்தியாயமும் தொடங்கிவிட்டது. மின்சாரக் கார்களில் கம்ப்ரஸருக்குத் தனி மோட்டார் உண்டு. அங்கே வெற்றோட்டம் என்பதே இல்லை. டில்லி அரசு 2020 அக்டோபரில் நடத்திய இயக்கமும், சிவப்பு விளக்கின்போது எஞ்சினை நிறுத்திவிடும்படியே நம்மைக் கேட்டுக்கொண்டது. எனினும் பெட்ரோல் கார்கள் இன்னும் பல கோடை நம் சாலைகளில் ஓடும். அவற்றுள் ஒன்று சந்திப்பில் நடுங்கி நிற்குமானால், விருந்தாளியின்மேல் பழி சுமத்துமுன் வீட்டின் உலையில் அரிசி இருக்கின்றதா என்று முதலில் பார்ப்போமாக.