கடினமான ஸ்பிறிங் பூட்டிய காருக்கு ஷொக் அப்சோபரை எவ்வளவு இறுக்க வேண்டும்?

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பலர் இருக்கிற காரையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். தளர்ந்த ஸ்பிறிங்கைக் கழற்றிவிட்டுச் சற்றுக் கடினமானதைப் போடுவதும், அதனுடன் திருகி மாற்றக்கூடிய ஷொக் அப்சோபரைப் பூட்டுவதும் அத்தகைய திருத்தங்களில் ஒன்று. பூட்டி முடிந்ததும் ஒரு கேள்வி எழும். குமிழை எந்த இடத்தில் வைப்பது?

இதற்கு நான் அடிக்கடி கேட்ட பதில், "ஸ்பிறிங் கடினம் என்றால் ஷொக்கையும் கடைசிவரை இறுக்கு" என்பதே. இந்தப் பதில் பிழையானது. மழை நாளில் ஆபத்தானதும் கூட.

இரண்டுக்கும் வேறு வேறு வேலை

காரின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிறிங். ஷொக் பாரம் தாங்குவதற்காக வைக்கப்பட்டதல்ல. அதற்குள் இருக்கும் எண்ணெய் சிறு துளைகள், வால்வுகள் வழியாகப் போகும்போது அசைவின் சக்தி வெப்பமாகிவிடுகிறது. ஸ்பிறிங் எவ்வளவு தூரம் அமுங்குகிறதோ அவ்வளவு பலமாகத் திருப்பித் தள்ளும். ஷொக் எவ்வளவு வேகமாக அசைகிறதோ அவ்வளவு பலமாக மறிக்கும். ஷொக் இல்லாத கார் ஒரு கிடங்கில் விழுந்தெழுந்தால் பந்துபோலத் துள்ளிக்கொண்டே போகும். துள்ளும் நேரத்தில் ரயர் வீதியை அழுத்தும் பலம் கூடிக் குறையும். அது குறையும் கணத்தில் பிறேக்கும் ஸ்ரியரிங்கும் சரியாகக் கேட்காது. ஆகவே ஷொக்கின் முதல் வேலை ரயரை வீதியோடு வைத்திருப்பது. சொகுசு அதற்குப் பிறகுதான்.

ஷொக் இரண்டு திசையிலும் மறிக்கிறது. சில்லு மேலே ஏறும்போது அது அமுங்குகிறது, கீழே இறங்கும்போது விரிகிறது. விரியும்போது மறிப்பதை ரீபவுண்ட் என்பார்கள். கடினமான ஸ்பிறிங் அமுங்கும்போது தானே கூடுதலாக எதிர்த்து நிற்கும். ஆனால் விரியும்போது அது முன்னதைவிடப் பலமாக உதைக்கும். அந்த உதைப்பை அடக்குவது ஷொக்கின் பொறுப்பு. அதனால் ஸ்பிறிங்கை மாற்றியவர் முதலில் கவனிக்க வேண்டியது ரீபவுண்டையே.

எவ்வளவு கூட்டுவது?

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு எளிமை இசை இயக்கம் நினைவிருக்கும். அதே கணக்குத்தான் இங்கும். ஷொக்கிலிருந்து தேவைப்படும் தணிப்பு, ஸ்பிறிங்கின் கடினத்தோடு நேராகக் கூடுவதில்லை. அதன் வர்க்கமூலத்தோடுதான் கூடுகிறது.

ஒரு சில்லின் மேல் 300 கிலோகிராம் பாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய ஸ்பிறிங்கை 1 மில்லிமீற்றர் அமுக்க 25 நியூட்டன் வேண்டும், புதியதற்கு 36 நியூட்டன் வேண்டும். அதாவது புதியது 44 சதவீதம் கடினமானது. பழைய ஸ்பிறிங்கில் காரின் உடல் செக்கனுக்கு ஏறத்தாழ 1.45 தடவை ஆட முற்படும். புதியதில் அது 1.74 தடவையாகும். பழைய ஷொக் மாறுநிலைத் தணிப்பின் 30 சதவீதத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தால், அதே ஷொக் புதிய ஸ்பிறிங்கோடு 25 சதவீதத்தையே கொடுக்கும். கார் கூடுதலாக ஆடுவதற்குக் காரணம் இதுதான். பழைய நிலைக்குத் திரும்ப ஷொக்கின் பலத்தை 1.2 மடங்காக்கினால் போதும். ஸ்பிறிங் 44 சதவீதம் கூடியபோது ஷொக்குக்குத் தேவைப்பட்டது 20 சதவீதம் மட்டுமே. ஸ்பிறிங் இரண்டு மடங்கானாலும் ஷொக் ஏறத்தாழ 41 சதவீதம் கூடினால் போதும்.

உங்கள் காரில் ஸ்பிறிங் சில்லுக்கு நேர் மேலே இல்லாவிட்டாலும் இந்த விகிதம் பொருந்தும். பழைய ஸ்பிறிங் இருந்த இடத்திலேயே புதியதும் இருக்க வேண்டும், காரின் பாரமும் மாறியிருக்கக் கூடாது.

குமிழ் எதை மாற்றுகிறது?

குமிழைத் தொடுவதற்கு முன் அது எதை மாற்றுகிறது என்று அறிந்துகொள்ளுங்கள். நெதர்லாந்தின் கோனி நிறுவனத்தின் மஞ்சள் நிற ஸ்போர்ட் வகையில் ரீபவுண்ட் மட்டுமே மாறும். அதில் சில மாதிரிகளுக்கு மேலே குமிழ் இருக்காது. ஷொக்கைக் கழற்றி, முழுதாக அமுக்கிப் பிடித்துத் திருப்ப வேண்டும். ஜப்பானின் டெயின் நிறுவனத்தின் 16 படி ஷொக்கில் ஒரே குமிழ் இரண்டு திசைகளையும் சேர்த்து மாற்றும். பந்தயக் கார்களுக்கான விலை கூடிய வகைகளில் இரண்டுக்கும் தனித்தனிக் குமிழ்கள் உண்டு.

ஒவ்வொரு கிளிக்கும் ஒரே அளவு மாற்றத்தைத் தருவதில்லை. 16 இல் நான்கு கிளிக் திருப்பினால் 25 சதவீதம் கூடிவிட்டது என்று கொள்ள முடியாது. உற்பத்தியாளரின் வரைபடம் கையில் இல்லாதபோது அந்த 20 சதவீதத்தை வீதியில் ஓட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வீதியில் சரிசெய்யும் முறை

முதலில் புஷ், மேல் மவுண்ட், எண்ணெய்க் கசிவு ஆகியவற்றைப் பாருங்கள். ரயர் ஆறியிருக்கும்போது காற்றழுத்தத்தைச் சரிசெய்யுங்கள். இவை பிழையாக இருந்தால் பிறகு செய்வதெல்லாம் வீண்.

குமிழை மெதுவாக இறுக்கும் பக்கம் முடிவுவரை திருப்பி, அங்கிருந்து பின்னோக்கிக் கிளிக்குகளை எண்ணுங்கள். எண்ணிக்கையை எழுதி வையுங்கள். ஒரே அச்சின் இடமும் வலமும் எப்போதும் ஒரே எண்ணில் இருக்க வேண்டும்.

உற்பத்தியாளர் சொன்ன ஆரம்ப நிலையில் தொடங்குங்கள். அது தெரியாவிட்டால் மிக இளகிய பக்கத்திலிருந்து தொடங்கலாம். வாகன நெரிசல் இல்லாத, உங்களுக்கு நன்கு பழக்கமான ஒரு வீதியில், ஒரே வேகத்தில், ஒரே பாரத்தோடு ஓடிப் பாருங்கள். ஒரு தடவைக்கு இரண்டு கிளிக், அதுவும் ஒரு அச்சில் மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது என்ன செய்தது என்று தெரியாது.

நீண்ட மேட்டைத் தாண்டியபின் காரின் உடல் இரண்டு மூன்று தடவை ஏறி இறங்கினால் ரீபவுண்ட் போதாது. ஒரே அசைவில் அடங்கினால் சரியான இடத்துக்கு அருகில் வந்துவிட்டீர்கள். அடுத்தடுத்து வரும் சிறு கிடங்குகளில் கார் தாழ்ந்துகொண்டே போய்க் கடைசியில் முட்டினால் ரீபவுண்ட் அளவுக்கு மீறிவிட்டது. ஒரு கிடங்கில் அமுங்கிய ஷொக் விரிவதற்கு முன்பே அடுத்த கிடங்கு வந்துவிடுவதால் அப்படி நடக்கிறது. அதே காரணத்தால் சில்லு பள்ளத்துக்குள் இறங்கப் பிந்தி ரயரின் பிடி குறையும். முழுதாக இறுக்கிய ஷொக் ஈரமான, ஒட்டுப்போட்ட வீதியில் பிறேக் பிடிக்கும்போது ஆபத்தாவது இதனால்தான்.

முன்புறத்தை அளவுக்கு மீறி இறுக்கினால் வளைவில் நுழையும்போது கார் நேரே போகப் பார்க்கும். பின்புறத்தை மீறி இறுக்கினால் வால் வழுக்கப் பார்க்கும். சாதாரணச் சாரதிக்கு இரண்டாவதைச் சமாளிப்பது கடினம். எனவே பின்புறத்தில் அவசரம் வேண்டாம்.

குமிழால் தீராதவை

செலவைக் குறைக்க ஸ்பிறிங்கின் ஒரு சுற்றை வெட்டிவிடும் வழக்கம் உண்டு. வேலை செய்யும் ஆறு சுற்றுகளில் ஒன்றை வெட்டினால் மிச்சம் 1.2 மடங்கு கடினமாகும், காரும் தாழும். தாழ்ந்த கார் சிறு கிடங்கிலேயே இறப்பர் தடுப்பில் முட்டும். அந்த அடியை ஷொக் கடினம் என்று நினைத்து இளக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். இளக்கினால் முட்டுவது கூடும். சில்லு தொங்கும்போது வெட்டிய ஸ்பிறிங் இருக்கையிலிருந்து விலகவும் கூடும். வெட்டவே வேண்டாம் என்பதே என் கருத்து.

கசியும் ஷொக்கையும் குமிழால் குணப்படுத்த முடியாது. கடைசிவரை இறுக்கியும் ஆட்டம் அடங்கவில்லை என்றால் ஷொக் தேய்ந்திருக்கிறது, அல்லது அந்த ஸ்பிறிங் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. இரண்டிலும் மாற்ற வேண்டியது பொருளைத்தான்.

ஏ9 போன்ற நீண்ட வீதிக்குப் பொருந்தும் எண் கிடங்கு விழுந்த ஒழுங்கைக்குப் பொருந்தாது. நாளாந்தம் நீங்கள் அதிகம் ஓடும் வீதிக்கே சரிசெய்யுங்கள். இரண்டு எண்களுக்கிடையில் தடுமாறினால் இளகியதைத் தெரிவு செய்யுங்கள்.