நலி கலி: ஒரு வகுப்பறை, மூன்று கோட்பாடுகள்

கல்வியியல் பாடநூல்களில் கற்றல் கோட்பாடுகள் தனித்தனி இயல்களாக அமைகின்றன. நடத்தையியலுக்கு ஸ்கின்னர், அறிதிறன் வளர்ச்சிக்குப் பியாஜே, சமூக ஊடாட்டத்துக்கு வைகாட்ஸ்கி எனப் பிரித்துப் படிக்கும் மாணவர், இவை ஒரே வகுப்பறையில் எவ்வாறு இணையும் என்ற வினாவை அரிதாகவே எதிர்கொள்கிறார். மைசூரு மாவட்டத்தில் 1995இல் தொடங்கிய 'நலி கலி' அவ்வினாவுக்கான விடைகளுள் ஒன்று. கன்னடத்தில் இதன் பொருள் 'மகிழ்ந்து கல்' என்பதாகும்.

நஞ்சன்கூடு வட்டத்துக்கு மேற்கே, கபினி அணை அமைந்துள்ள ஹெக்கடதேவனகோட்டை வட்டமே இதன் பிறப்பிடம். அங்கே ஓரிரு ஆசிரியர்கள் பல வகுப்புகளை ஒருசேர நடத்த வேண்டியிருந்தது. பிள்ளைகள் இடையிடையே பள்ளிக்கு வராமல் போவதும் வழக்கம். மதனப்பள்ளி அருகிலுள்ள ரிஷிவேலி ஊரகக் கல்வி மையத்தில் பத்மநாப ராவ், ராமா இணையர் உருவாக்கிய 'பெட்டிக்குள் பள்ளி' முறையை இவ்வட்டத்து ஆசிரியர்கள் நேரில் கண்டனர். யுனிசெஃப் துணையுடன் அதைத் தம் பள்ளிகளுக்கேற்ப மாற்றியமைத்தனர்.

இம்முறையின் முதுகெலும்பு கற்றல் ஏணி. பாடம் சிறு படிகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை உண்டு. சில நாள்கள் வராத குழந்தை, விட்ட படியிலிருந்தே தொடரலாம். சிறு படி, அவரவர் வேகம் என்பவை ஸ்கின்னர் 1954இல் வலியுறுத்திய கருத்துகள். அட்டையோடு வரும் பொருள்களைக் கையாண்டு கருத்தை அடைவதில் பியாஜேவைக் காணலாம். ஆசிரியர் உதவியுடன், பகுதி உதவியுடன், சக மாணவர் துணையுடன், தானாக எனக் குழுக்கள் வேறுபடுவதில், உதவியைப் படிப்படியாக விலக்கும் வைகாட்ஸ்கி மரபு தெரிகிறது.

மாணவர் மாணவருக்குக் கற்பிப்பது இம்மண்ணுக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இருந்தார். 1789இல் சென்னை எழும்பூர் அநாதைச் சிறுவர் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் நாட்டு வழக்கத்தையும் மாணவரே கற்பிக்கும் ஏற்பாட்டையும் கைக்கொண்டு, 1797இல் அதை நூலாக்கினார். இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' எனப் பரவியது. ஆயினும் சட்டாம்பிள்ளையிடம் இருந்தது ஆசிரியரின் அதிகாரம். நலி கலியில் இருப்பதோ தோழமை. இன்று உதவி பெறும் குழந்தை நாளை உதவி செய்யும்.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் முன்னின்று தொடங்கிய செயல்வழிக் கற்றலும் ரிஷிவேலியின் வழிவந்ததே. 2009-10இல் நலி கலி கர்நாடகம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தபோது நஞ்சன்கூடு வட்டமும் அதில் அடங்கியது.

இவ்விரிவாக்கத்தில்தான் சிக்கல் தோன்றுகிறது. அட்டைகளை அச்சிட்டு அரசாணை வழியே அனுப்பிவிடலாம். இந்தக் குழந்தை இன்று எந்தக் குழுவில் அமர வேண்டும், எப்போது உதவியை விலக்க வேண்டும் என்ற தீர்ப்பை அவ்வாறு அனுப்ப இயலாது. ஹெக்கடதேவனகோட்டை ஆசிரியர்கள் முறையைத் தாமே வடிவமைத்ததால் அத்தீர்ப்பும் அவர்களிடமே இருந்தது. அது இல்லாத இடத்தில் ஏணி மட்டும் எஞ்சுகிறது. மூன்று கோட்பாடுகளில் ஸ்கின்னரின் பங்கு மட்டுமே வகுப்பறையில் இயங்குகிறது. ஆகவே ஆய்வாளர் கேட்க வேண்டியது எக்கோட்பாடு சிறந்தது என்பதையன்று; அவற்றை இணைக்கும் அதிகாரம் ஆசிரியருக்கு எவ்வளவு தரப்பட்டுள்ளது என்பதையே.