சிலோன் மனோகர்: துள்ளிசைக்குப் பின்னிருக்கும் அடிமை வரலாறு

‘சிலோன் மனோகர்’ என்று தமிழகம் அறிந்த ஏ. ஈ. மனோகரன், இலங்கையில் ‘பொப்பிசைச் சக்கரவர்த்தி’ எனக் கொண்டாடப்பட்ட பாடகர். தமிழகத்துக்குப் புலம்பெயர்ந்த அவர் 2018 ஜனவரி 22 அன்று சென்னையில் காலமானார். கல்லூரிச் சுற்றுலாப் பேருந்துகளில் இன்றும் ஒலிக்கும் ‘சுராங்கனி’ அவரது அடையாளம். அப்பாடல் யாருடைய தாளத்தில் நடக்கிறது என்பது அரிதாகவே கேட்கப்படும் கேள்வி.

தாளத்தின் பிறப்பு

‘சுராங்கனி’ பைலா வகையைச் சேர்ந்தது. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துகீசியரும் அவர்களுக்குப் பின் ஆண்டவர்களும் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகவும் படையாட்களாகவும் கொண்டுவந்தனர். ‘காப்பிரி’ என்ற இழிபெயர் சுமத்தப்பட்ட அம்மக்களின் ஆட்டமும் பாட்டும் ஐரோப்பிய இசையோடு கலந்ததே பைலாவின் வேர். 1940களில் காவல்துறையில் பணியாற்றிய வொலி பஸ்தியான் அதனைச் சிங்கள மேடை இசையாக வளர்த்தார். புத்தளம் அருகே சிறாம்பியடியில் வாழும் ஆப்பிரிக்க வழித்தோன்றல்கள், தேங்காய்ச் சிரட்டையையும் கண்ணாடிப் புட்டியையும் தட்டித் தம் ‘மாஞ்சா’ இசையை இன்றும் காத்துவருகின்றனர்.

கலிப்சோவின் வருகை

கரீபியத் தீவான டிரினிடாட்டில் அடிமைகளாயிருந்த ஆப்பிரிக்கர்களின் வழிவந்தது கலிப்சோ. 1881இல் அங்கே கான்பூலே ஊர்வலத்தைக் காவல்துறை ஒடுக்க முயன்றபோது மோதல் வெடித்தது. 1884இல் முரசொலிக்குச் சட்டத்தால் தடை விதிக்கப்பட்டது. மக்கள் மூங்கிலைத் தட்டிப் பாடினர். பறையை இழிவெனச் சொல்லி ஒதுக்கிய சாதியச் சமூகத்துக்கு இவ்வொடுக்குமுறையின் தர்க்கம் புதிதன்று.

1956இல் ஹாரி பெலஃபோன்டேயின் ‘கலிப்சோ’ இசைத்தட்டு உலகெங்கும் பரவியது. 1960களில் கொழும்பிலும் கிதாரும் முரசும் ஏந்திய கலிப்சோ குழுக்கள் பெருகின. பைலாவும் கலிப்சோவும் அங்கே சந்தித்தன. அச்சூழலில்தான் நித்தி கனகரத்தினம், மனோகரன் முதலியோர் தமிழ்ப் பொப்பிசையை வளர்த்தனர்.

இரு மொழி, ஒரு பாட்டு

இலங்கையில் 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1958இல் தமிழர் மீது வன்முறை ஏவப்பட்டது. மொழியின் பெயரால் மக்கள் பிரிக்கப்பட்ட அந்நாட்டில், சிங்களமும் தமிழும் ஒரே பாட்டில் கலந்து மீனைப் பற்றிப் பேசியதே ‘சுராங்கனி’யின் தனித்தன்மை. செவ்வியல் மேடைகள் இடம் தராத உழைக்கும் மக்களின் அன்றாடம் அதில் பாடுபொருளாயிற்று.

சென்னையில் கிடைத்த இடம்

1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையில், மலேசியா வாசுதேவன் குரலில் ‘சுராங்கனி’ ஒலித்தது. இலங்கையில் ‘வாடைக்காற்று’ படத்தில் முதன்மைப் பாத்திரங்களில் ஒன்றை ஏற்ற மனோகரனுக்குத் தமிழ், மலையாளத் திரையுலகம் பெரும்பாலும் வில்லனின் அடியாள் போன்ற வேடங்களையே அளித்தது. பாட்டு வரவேற்கப்பட்டது, அதைச் சுமந்து வந்த கலைஞனுக்குரிய இடம் அந்த அளவுக்கு விரியவில்லை.

கானாவுக்கான பாடம்

கானாவுக்கு நேர்ந்ததும் இதுவே. வடசென்னைத் தலித் குடியிருப்புகளின் இறப்பு வீடுகளில் வளர்ந்த இசை, தாம்பரம் வழித்தட மின்தொடர் வண்டிகளில் மாணவர் தட்டும் தாளமாகவும் திரைப்படங்களின் குத்துப்பாட்டாகவும் பரவியது. அதை ரசிப்போர், அதைப் படைத்த சமூகத்தின் பெயரைச் சொல்லத் தயங்கினர். மனோகரன் மறைவதற்குப் பதினாறு நாட்கள் முன்பு, 2018 ஜனவரி 6 அன்று, ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு சென்னையில் தன் முதல் மேடையை அமைத்து, கானாவை அம்பேத்கரிய அரசியலோடு வெளிப்படையாக முன்வைத்தது.

ஒடுக்கப்பட்டோர் படைத்த இசை எங்கும் பரவுவது மட்டும் விடுதலை ஆகாது. படைத்தவரின் வரலாறும் உரிமையும் அதனோடு சேர்ந்து பயணிக்க வேண்டும். சிறாம்பியடியின் பெயர் தெரியாமல் ‘சுராங்கனி’யைப் பாடிவரும் நாம் அறிய வேண்டியது இதுவே.