திகில் காமிக்ஸ் சேகரிப்பு

1940களின் பிற்பகுதி முதல் 1955 தொடக்கம் வரை அமெரிக்காவில் வெளிவந்த திகில் காமிக்ஸ் இதழ்களை, அச்சகத்தை விட்டு வந்த நிலை அதிகம் கெடாத பிரதிகளாகத் தேடிச் சேர்க்கும் துறை. சேகரிப்பாளர்கள் இவற்றை 'ப்ரீ-கோட்' இதழ்கள் என்பார்கள். 1954 அக்டோபரில் காமிக்ஸ் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட 'காமிக்ஸ் கோட்' என்னும் தணிக்கை விதிகளுக்கு முற்பட்டவை என்பது அதன் பொருள். பத்து சென்ட் விலையில், படித்ததும் தூக்கிப் போடுவதற்கென்றே மட்டமான தாளில் அச்சான இதழ்கள் இவை. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் சில பிரதிகள் கடையில் நேற்று வாங்கியதுபோல் இருக்கின்றன என்றால், அதற்குத் தற்செயலும் ஒரு சிலரின் பிடிவாதமுமே காரணம்.

தனி இதழாக வந்த முதல் திகில் காமிக்ஸ் என்று பொதுவாகச் சொல்லப்படுவது, ஏவன் நிறுவனம் 1947 ஜனவரி தேதியிட்டு வெளியிட்ட 'ஈரி காமிக்ஸ்'. அது ஒரே இதழோடு நின்றது. தொடர்ந்து வந்த முதல் இதழ், அமெரிக்கன் காமிக்ஸ் குரூப் 1948இல் தொடங்கிய 'அட்வென்ச்சர்ஸ் இன்டு தி அன்நோன்'. ஆனால் இந்த வகைக்கு முகம் கொடுத்தது நியூயார்க்கின் இ.சி. காமிக்ஸ்தான். நிறுவனர் மேக்ஸ் கெய்ன்ஸ் 1947இல் படகு விபத்தில் இறந்தபின், மகன் வில்லியம் கெய்ன்ஸ் பொறுப்பேற்றார். அவரும் ஆசிரியர் அல் ஃபெல்ட்ஸ்டைனும் சேர்ந்து 1950இல் 'தி கிரிப்ட் ஆஃப் டெரர்', 'தி வால்ட் ஆஃப் ஹாரர்', 'தி ஹான்ட் ஆஃப் ஃபியர்' என மூன்று இதழ்களைக் கொண்டுவந்தார்கள். முதலாவது, அதே ஆண்டு 20ஆம் இதழிலிருந்து 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்' என்று பெயர் மாறியது.

புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் இங்கேதான் முதலில் குழம்புகிறார்கள். 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்' முதல் இதழைத் தேடினால் கிடைக்காது. அப்படி ஒன்று அந்நாளில் அச்சாகவே இல்லை. புது இதழ் தொடங்கினால் அஞ்சல் துறையிடம் சலுகைக் கட்டண அனுமதியைப் புதிதாகப் பெறப் பணம் கட்ட வேண்டியிருந்தது. அதைத் தவிர்க்க, நின்றுபோன பழைய இதழ்களின் வரிசை எண்களையே கெய்ன்ஸ் தொடர்ந்தார். அதனால் 'கிரிப்ட்' 17ஆம் எண்ணிலும் 'வால்ட்' 12ஆம் எண்ணிலும் 'ஹான்ட்' 15ஆம் எண்ணிலும் பிறந்தன. 'ஹான்ட்' 17 வரை போய், அஞ்சல் துறையின் ஆட்சேபத்தால் அடுத்த இதழில் 4 என்று திரும்பியது. மூன்றையும் சேர்த்தால் 87 இதழ்கள். அழுகிய உடல்களைச் சதை வழிய வரைந்த கிரஹாம் இங்கெல்ஸ், பதற்றத்தைச் சுத்தமான கோடுகளில் கட்டிப்போட்ட ஜானி கிரெய்க், ஜாக் டேவிஸ், வாலி வுட் ஆகியோர் வரைந்த பக்கங்கள் இவை. அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியத்தின் உச்சங்களில் வைத்துப் பேச வேண்டிய வேலை இது. பழைய தாளின் மீதான மோகம் என்று மட்டும் இந்தச் சேகரிப்பைச் சுருக்கிவிட முடியாததற்கு அதுவே காரணம்.

இ.சி. வெற்றி பெற்றதும் ஹார்வி, அட்லஸ், ஃபாசெட், ஸ்டார் எனப் பல பதிப்பகங்கள் களத்தில் இறங்கின. எதிர்ப்பும் கூடவே வளர்ந்தது. திகில் அலைக்கு முன்பே, 1948இல் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் போன்ற ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளை வைத்தே காமிக்ஸ்களைக் குவித்து எரித்திருந்தார்கள். 1954இல் மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தாம், சிறார் குற்றங்களுக்குக் காமிக்ஸைக் காரணம் காட்டி 'செடக்‌ஷன் ஆஃப் தி இன்னசென்ட்' என்ற நூலை வெளியிட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க செனட்டின் துணைக்குழு நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. கெய்ன்ஸ் தாமாகவே முன்வந்து சாட்சி சொன்னார். ஒரு கையில் கோடரியும் மறு கையில் பெண்ணின் வெட்டுண்ட தலையுமாக ஒருவன் நிற்கும் இ.சி.யின் 'கிரைம் சஸ்பென்ஸ்டோரீஸ்' 22ஆம் இதழின் அட்டையைச் செனட்டர் எஸ்டிஸ் கெஃபாவர் காட்டி, இது ரசனைக்கு உகந்ததா என்று கேட்டார். திகில் காமிக்ஸ் அட்டை என்ற அளவில் உகந்ததுதான் என்றார் கெய்ன்ஸ். மறுநாள் நாளிதழ்களில் அந்தப் பதில்தான் செய்தி.

அக்டோபரில் வந்த 'காமிக்ஸ் கோட்' விதிகள், தலைப்பில் 'ஹாரர்', 'டெரர்' என்ற சொற்களையே தடை செய்தன. ரத்தக் காட்டேரி, ஓநாய் மனிதன், நடைப்பிணம் எதற்கும் இடமில்லை. விதிகளுக்கு உட்பட்டதைக் காட்டும் முத்திரை இல்லாத இதழ்களை மொத்த விநியோகஸ்தர்கள் கட்டுப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்கள். 1955 தொடக்கத்தில் இ.சி.யின் மூன்று திகில் இதழ்களும் நின்றுபோயிருந்தன. பிரிட்டன் அதே ஆண்டு இத்தகைய இதழ்களுக்கு எதிராகச் சட்டமே இயற்றியது.

நல்ல பிரதிகள் ஏன் இவ்வளவு அரிதாயின என்பதற்கு இந்த ஒடுக்குமுறை பாதிக் காரணம்தான். மீதி, தாளிலும் விற்பனை முறையிலும் இருக்கிறது. உள்பக்கங்கள் மரக்கூழில் செய்த நியூஸ்பிரின்ட். அதிலுள்ள லிக்னின் ஒளியும் காற்றும் பட்டுப் பழுப்பேறும். தாளின் அமிலம் இழைகளை அரிக்கும். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். கம்பிப் பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் கறை இறங்கும். கட்டாகக் கட்டி அனுப்பும்போது மேலும் கீழும் இருந்த பிரதிகளில் கயிறு பதிந்துவிடும். விற்காத இதழ்களுக்குப் பணம் திரும்பப் பெற, கடைக்காரர் அட்டையின் மேல்பகுதியைக் கிழித்து அனுப்புவதும் உண்டு. இத்தனையும் கடந்து பிள்ளைகள் கைக்குப் போன பிரதியைப் பத்துப் பேர் மாற்றி மாற்றிப் படித்திருப்பார்கள்.

அதனால்தான் 'கெய்ன்ஸ் ஃபைல் காப்பி' என்ற சொல்லுக்கு இந்தத் துறையில் அத்தனை மதிப்பு. வில்லியம் கெய்ன்ஸ் ஒவ்வொரு இதழிலும் ஏறத்தாழ ஒரு டஜன் பிரதிகளை எடுத்துப் பொதிந்து வைத்தார். தம் நிறுவனமே சரிந்தபோதும், பின்னர் 'மேட்' இதழ் ஒன்றின் பலத்தில் மீண்டெழுந்தபோதும் அந்தப் பொதிகளை விட்டுவிடவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து, மிசூரியைச் சேர்ந்த இ.சி. ரசிகரும் பதிப்பாளருமான ரஸ் காக்ரன் வழியாக அவை சான்றிதழுடன் விற்பனைக்கு வந்தன. தாள் வெள்ளையாகவே இருந்தது, மை மங்கவில்லை. நாடே எரிக்கச் சொன்னதை அதன் பதிப்பாளர் காப்பாற்றியிருந்தார். தன் பதிப்புகளின் மீது ஒரு பதிப்பாளருக்கு இருந்த நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய சான்று காமிக்ஸ் வரலாற்றில் இல்லை.

சேகரிப்பு ஒரு துறையாக உருவானது ரசிகர்களால். 1953இலேயே 'இ.சி. ஃபேன் புல்லட்டின்' என்ற ரசிகர் இதழை பாப் ஸ்டூவர்ட் தொடங்கிவிட்டார். 1967இல் ஜெர்ரி வெய்ஸ்ட் 'ஸ்குவா ட்ரான்ட்' இதழைக் கொண்டுவந்தார். அதே வெய்ஸ்ட் 1991இல் சதபீஸ் நிறுவனம் காமிக்ஸ் ஏலத்தைத் தொடங்கியபோது அதன் ஆலோசகராக இருந்தார். 1970இல் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் வெளியிட்ட விலைக் கையேடு, நாடெங்கும் ஒரே அளவுகோலைத் தந்தது. வெர்தாம் தம் நூலில் குறிப்பிட்ட இதழ்களை அந்தக் கையேடு தனியே அடையாளமிட்டது. கண்டனத்துக்கு உள்ளான இதழ்களுக்கு அதனாலேயே விலை கூடியது. 1977இல் கொலராடோவில் எட்கர் சர்ச் என்பவரின் சேகரிப்பு வெளிப்பட்டபோது, வறண்ட குளிர்ந்த காற்றில் அழுத்தி அடுக்கிய பழைய காமிக்ஸ்கள் புதிதாகவே இருக்க முடியும் என்பது நிரூபணமானது. பிரதி எந்த வீட்டிலிருந்து வந்தது என்ற வம்சாவளியும் அதன் பிறகு மதிப்பின் ஓர் அங்கமாயிற்று.

2000இல் தொடங்கப்பட்ட சிஜிசி நிறுவனம் வணிகத்தையே மாற்றியது. அதுவரை விற்பவரின் வாய்ச்சொல்தான் தரம். இப்போது மூன்றாம் தரப்பு மதிப்பீட்டாளர்கள் பக்கங்களை எண்ணி, ஓரம் வெட்டப்பட்டிருக்கிறதா, நிறம் பூசப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, 10 வரையிலான அளவுகோலில் எண் இட்டு, பிளாஸ்டிக் உறையில் மூடி முத்திரையிடுகிறார்கள். 9.4, 9.6 போன்ற எண்கள் பிற்கால இதழ்களுக்குச் சாதாரணம். ப்ரீ-கோட் திகில் இதழ் 8.0ஐத் தொட்டாலே சேகரிப்பாளர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஸ்டார் பதிப்பகத்துக்காக எல்.பி. கோல் வரைந்த அட்டைகளை எடுத்துக்கொண்டால் காரணம் தெரியும். சுவரொட்டி போன்ற அடர்ந்த நிறங்கள், பின்னணியில் கனத்த கறுப்பு. முதுகுப்பக்கம் ஒருமுறை மடங்கினால் போதும், மை உடைந்து அடியிலுள்ள வெள்ளைத் தாள் மயிரிழைக் கோடாகத் தெரிந்துவிடும். வெளிர்நிற அட்டையில் கண்ணுக்கே தட்டாத குறை, இங்கே கைநீட்டும் தூரத்தில் தெரியும். நிறம் உடையாத மடிப்பு மட்டும் என்றால், சூடும் ஈரமும் கொடுத்து அழுத்தி நிமிர்த்திவிடலாம். இதைச் சிஜிசி சீரமைப்பாகக் கணக்கிடுவதில்லை. தாளின் வரலாற்றை அழிக்கும் வேலை இது என்று எதிர்ப்பவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. அழுத்திய பிரதியை வாங்குபவருக்கு அது அழுத்தப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கெய்ன்ஸ் பொதிகளால் இன்னொரு விளைவும் உண்டு. ஓவியத்தில் முதன்மையான இ.சி. இதழ்கள் உயர்தரத்தில் ஓரளவு கிடைக்கின்றன. அப்படி யாரும் பாதுகாத்து வைக்காத மற்ற பதிப்பகங்களின் இதழ்களோ, நல்ல நிலையில் ஓரிரு பிரதிகளே கண்ணில் படுகின்றன. எனவே அண்மைக்காலப் போட்டி அவற்றின் பக்கம் திரும்பியுள்ளது. ரேடியத்தால் முகமும் கையும் உருகி வழியும் மனிதனை லீ இலியாஸ் வரைந்த 'பிளாக் கேட் மிஸ்டரி' 50ஆம் இதழும், எலும்புக்கூடு முத்தமிடும் 'சேம்பர் ஆஃப் சில்ஸ்' 19ஆம் இதழும் அவற்றில் முதன்மையானவை. பின்னதன் அட்டை 1984இல் மிஸ்ஃபிட்ஸ் இசைக்குழுவின் இசைத்தட்டு உறைக்கு மூலமானது. காமிக்ஸே படிக்காதவர்களும் அந்தப் படத்தை அறிவார்கள்.

முத்திரையிட்ட பிரதியைத் திறந்தால் அதன் மதிப்பீடு செல்லாது. ஆகவே இவற்றின் கதைகளைப் படிக்க மறுபதிப்புகளே வழி. இ.சி. இதழ்களின் முழுத் தொகுப்பைக் காக்ரன் 1970களின் இறுதியிலிருந்து பெரிய அளவில், கறுப்பு வெள்ளையில், பெட்டித் தொகுதிகளாக வெளியிட்டார். மற்ற பதிப்பகங்களின் கதைகளைத் தேர்ந்தெடுத்து கிரெக் சடோவ்ஸ்கி தொகுத்த 'ஃபோர் கலர் ஃபியர்' 2010இல் வந்தது.