மட்டாஞ்சேரியின் மீட்சிக்கு விலை கொடுத்தவர்கள்

மட்டாஞ்சேரி யூதர்களின் தலைவர் வகித்த பட்டத்தின் பெயர் 'முதலியார்'. எபிரேயத்தில் வழிபட்டு மலையாளத்தில் பேசிய ஒரு குடியின் தலைவருக்குக் கொச்சி மன்னர்கள் வழங்கிய பட்டத்தில் 'முதல்' என்னும் வேர் நிற்பது, மொழியியல் மாணவர்களுக்குச் சொல்வரலாற்று வியப்பாகத் தோன்றலாம். தமிழில் அச்சொல் தொடக்கத்தைக் குறிக்கிறது, தலைமையைக் குறிக்கிறது, வணிகத்தில் இட்ட பணத்தையும் குறிக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் கொச்சியில் இம்மூன்றும் பெரும்பாலும் ஒரே ஆளின் கையில்தான் இருந்தன.

பெருங்குலைவுக்குப் பின் நிறுவனத்தை மீட்டெடுக்கும் தலைமை குறித்து, பெருந்தொற்றுக் காலத்திற்குப் பிறகு நிர்வாகவியலில் ஏராளமாக எழுதப்படுகிறது. அவற்றில் நான் படித்தவை ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்கின்றன: வீழ்ச்சி வந்தது, தலைவர் துணிந்து முடிவெடுத்தார், நிறுவனம் எழுந்தது. கதை அங்கே நின்றுவிடுகிறது. எழுந்த பிறகு வந்த நூறாண்டைக் கணக்கில் சேர்த்தால் என்ன ஆகும் என்று பார்க்க மட்டாஞ்சேரி ஏற்ற இடம்.

1662 பிப்ரவரியில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை ரைக்லாஃப் வான் கூன்ஸ் தலைமையில் கொச்சிக்கு வந்தது. அப்போது கொச்சியில் அதிகாரம் செலுத்தியவர்கள் போர்த்துகீசியர். அவர்களால் ஒதுக்கப்பட்ட மூத்த தாவழியின் வாரிசு வீர கேரள வர்மா கொழும்புக்குச் சென்று டச்சுக்காரரின் துணையை நாடியிருந்தார். மட்டாஞ்சேரியில் நடந்த சண்டையில் அரியணையில் இருந்த இளவயது மன்னரும் இரு இளவரசர்களும் கொல்லப்பட்டனர். ராணி கங்காதர லட்சுமி சிறைப்பட்டார். ஆயினும் கோட்டை விழவில்லை. மார்ச்சில் டச்சுப்படை முற்றுகையைக் கைவிட்டுக் கப்பலேறியது. அவர்கள் இரவோடு இரவாகப் புறப்பட்டதைப் போர்த்துகீசியர் அறியாதிருக்க, ஒரு யூதர் பின்தங்கி மணிக்கு மணி நாழிகை அடித்துக்கொண்டிருந்தார் என்று ஒரு செய்தி வழங்குகிறது.

டச்சுக்காரருக்கு உதவியதற்கான தண்டனை யூதத் தெருவின்மேல் இறங்கியது. 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெபாலயம் சூறையாடப்பட்டு எரியூட்டப்பட்டது. அச்சமூகத்தின் பழைய ஆவணங்களும் அத்தீயில் போயின என்பது மரபு. அரண்மனைக் கோயிலை ஒட்டிய நிலத்தில், மன்னர் தந்த இடத்தில் நின்ற ஜெபாலயம் அது. மன்னரின் அண்மையே பாதுகாப்பு என்று நம்பிக் கொடுங்கல்லூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு, மன்னரே வலுவிழந்த நாளில் அந்த அண்மையால் எப்பயனும் விளையவில்லை.

அவ்வாண்டு இறுதிக்குள் டச்சுப்படை திரும்பி வந்தது. 1663 ஜனவரியில் கோட்டை சரணடைந்தது. போர்ச்சுகலும் ஹாலந்தும் சமாதான உடன்படிக்கையில் கையொப்பமிட்டு அதற்குள் ஓராண்டுக்கு மேல் கடந்திருந்தது. அது முறைப்படி நடைமுறைக்கு வருமுன் கொச்சி கைமாறிவிட்டதால், திருப்பிக் கேட்ட போர்ச்சுகலின் குரல் எடுபடவில்லை.

நிர்வாகவியலாளர்கள் விரும்பக்கூடிய பகுதி இதற்குப் பிறகு வருகிறது. வான் கூன்ஸ் எதை இடித்தார், எதை விட்டுவைத்தார் என்பதில் ஒரு கணக்கு தெரிகிறது. போர்த்துகீசியரின் நகரம் காவலுக்குப் பெரிது, செலவும் மிகுதி. ஆகவே அதன் பெரும்பகுதி இடிக்கப்பட்டுக் கோட்டை சுருங்கியது. பிரான்சிஸ் தேவாலயம் சீர்திருத்தச் சபைக்கு மாறியது. சாந்தா குரூஸ் பேராலயம் கிடங்காயிற்று. போர்த்துகீசியர் 1555 அளவில் மன்னருக்குக் கட்டித்தந்த மட்டாஞ்சேரி அரண்மனையைப் புதுப்பித்தார்கள். இன்றும் அதை 'டச்சு அரண்மனை' என்றே அழைக்கிறோம். கட்டியவர் பெயர் மறைந்து பழுதுபார்த்தவர் பெயர் நிலைத்த கட்டடங்கள் உலகில் அதிகம் இருக்க முடியாது.

எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படுவது மொழி. போர்த்துகீசியர் வெளியேற்றப்பட்டனர், அவர்களின் மொழியை எவராலும் வெளியேற்ற முடியவில்லை. துறைமுகத்தின் துபாஷிகள், வணிகர்கள், கலப்புக் குடும்பங்கள் அனைவரும் அதில்தான் பேசினர். ஹென்ட்ரிக் வான் ரீட் 1670களில் தொகுக்கத் தொடங்கிய 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' இதற்குச் சான்று. இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரின் அறிவு மலையாளத்திலிருந்து முதலில் போர்த்துகீசியத்திற்குச் சென்றது. அதன்பின் டச்சுக்கும் லத்தீனுக்கும் போயிற்று. ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்னும் மூன்று கொங்கணிப் பிராமணர்களும் அப்பணியில் பங்குகொண்டனர். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அந்நூல் வெளிவந்தது. வென்றவரின் மாபெரும் அறிவுத்திட்டம் தோற்றவரின் மொழிமீது நடந்திருக்கிறது. கொச்சியின் போர்த்துகீசியக் கிரியோல் மொழியோ மேலும் மூன்றரை நூற்றாண்டு வாழ்ந்தது. அதன் கடைசிப் பேச்சாளர் மறைந்தது 2010இல்தான்.

1664இல் ஜெபாலயம் மீண்டும் எழுந்தது. தீக்கும் மீள்கட்டுமானத்திற்கும் இடையே இரண்டே ஆண்டுகள். 1686இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து மோசஸ் பெரேரா த பாய்வா வந்து கொச்சி யூதர்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதியபின், அங்கிருந்து நூல்களும் வந்தன. எரிந்துபோன ஏடுகளின் இடத்தைக் கடல்கடந்த உறவு ஓரளவு நிரப்பியது. பதினெட்டாம் நூற்றாண்டில் எசக்கியேல் ரஹாபி (1694–1771) கம்பெனியின் தலைமை வணிகராகி மிளகுக் கொள்முதலை நடத்தினார். மலபார் அரசர்களிடம் தூதும் சென்றார். மணிக்கூண்டும் தரையில் பதித்த சீன ஓடுகளும் 1760களை ஒட்டி அவர் காலத்தில் வந்தவை.

வெற்றிக்கதை இதுவரை. ஆனால் மீண்டெழுந்த அந்த ஜெபாலயத்தில் எல்லா யூதருக்கும் ஒரே இடம் கிடைக்கவில்லை. பரதேசிகள் தவிர்த்த பிறர், குறிப்பாக அடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள், சமமாக அமரும் உரிமையின்றி இருந்தனர். அவ்வழியில் வந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967) காந்திய வழியில் சத்தியாகிரகம் செய்யவேண்டிய நிலை இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது. குலைவுக்கு முன்பிருந்த படிநிலையும் கட்டடத்தோடு சேர்த்தே மீட்கப்பட்டது என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

அரசரின் மீட்சிக்கும் விலை இருந்தது. 1663 மார்ச் உடன்படிக்கையின்படி வீர கேரள வர்மா கம்பெனியின் பாதுகாப்பை ஏற்றார். மிளகின் ஏகபோகத்தை விட்டுக்கொடுத்தார். டச்சுக்காரர் அணிவித்த பொன்முடியில் கம்பெனியின் சின்னம் பொறிக்கப்பட்டிருந்தது. 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் டச்சுக்காரர் தோற்றனர். 1753இன் மாவேலிக்கரை உடன்படிக்கையில், திருவிதாங்கூரின் பகைவருக்கு உதவமாட்டோம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டபோது கொச்சி தனித்து விடப்பட்டது. தொண்ணூறாண்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் இறுதிப் பயன் இவ்வளவே.

அடுத்த குலைவு மைசூரிலிருந்து வந்தது. ஹைதர் அலிக்கும் திப்புவுக்கும் கப்பம் செலுத்திய நாடாகவே கொச்சி 1790இல் சக்தன் தம்புரானின் கைக்கு வந்தது. அவரைக் கேரளம் பெருந்தலைவராகப் போற்றுகிறது. நாடுவாழிகளின் அதிகாரத்தை ஒடுக்கியதும், திருச்சூரில் வடக்குநாதன் கோயிலைச் சுற்றி நகரை அமைத்ததும், சிரியன் கிறித்தவ வணிகரை அங்கே குடியேற்றியதும், பூரத்தை ஒழுங்குபடுத்தியதும் அவர் சாதனைகள். மீட்டெடுக்கும் தலைமைக்கு எடுத்துக்காட்டுத் தேடுவோர் முதலில் அவரிடம்தான் செல்வர். நான் அவ்வளவு எளிதில் செல்லமாட்டேன்.

1791 ஜனவரியில் ஆங்கிலக் கம்பெனியுடன் அவர் செய்த உடன்படிக்கை மைசூரின் பிடியிலிருந்து விடுதலை தந்தது. அதற்குக் கப்பம் முதலாண்டில் 70,000 ரூபாய். ஆண்டுக்குப் பத்தாயிரமாக உயர்ந்து நான்காம் ஆண்டில் ஒரு லட்சம். போரால் வற்றிய நாட்டில் அப்பணம் இருந்த இடங்களில் ஒன்று மட்டாஞ்சேரியின் கொங்கணி வணிகரின் கை. கோவாவிலிருந்து வந்து செறளாயியில் திருமலைக் கோயிலை நிறுவிய இவர்கள் டச்சுக்காரரின் பாதுகாப்பில் இருந்தவர்கள். மன்னரின் வரிக்கோரிக்கையை எதிர்த்தனர். அவ்வாண்டிலேயே கொங்கணி வணிகத் தலைவர்கள் கொல்லப்பட்டனர், கடைகள் கொள்ளையிடப்பட்டன. டச்சு ஆளுநர் வான் ஆங்கல்பேக் படையனுப்ப நேர்ந்தது.

இதைத் தனியொருவரின் கொடுங்கோன்மை என்று ஒதுக்குவோர் உண்டு. நாட்டின் இறையாண்மைக்கு அயல் கம்பெனியைக் காட்டி அடங்க மறுத்த ஒரு குழுவை அடக்கியது என்று நியாயப்படுத்துவோரும் உண்டு. இரண்டாம் தரப்பில் ஓரளவு உண்மை இருக்கிறது: ஒரே தெருவில் இரண்டு அதிகாரங்களை வைத்துக்கொண்டு எந்த அரசனும் நாட்டைச் சீர்செய்ய முடியாது. ஆயினும் வணிகக் கணக்கில் பார்த்தாலே அச்செயல் இழப்புதான். தப்பியோடிய கொங்கணிகளில் பலர் தெற்கே ஆலப்புழைக்குச் சென்றனர். அது 1762இல் திறக்கப்பட்டு, திவான் ராஜா கேசவதாஸ் வெளியூர் வணிகரை வரவேற்று வளர்த்துக்கொண்டிருந்த திருவிதாங்கூரின் துறைமுகம், கொச்சிக்கு நேர்ப்போட்டி. மைசூருக்குப் பிந்தைய வெற்றிடத்தில் கொச்சிக்கு மிகுதியும் தேவைப்பட்ட பணமும் கடல்வழித் தொடர்பும் பழகிய கணக்கர்களும் போட்டித் துறைமுகத்திற்குப் போய்ச் சேர்ந்தனர். நான்காண்டு கழித்து, 1795இல், டச்சுக் கொச்சியை ஆங்கிலேயர் கைப்பற்றினர். கப்பம் தொடர்ந்தது.

ஓடிப்போனவர்கள் திருமலைக் கோயிலின் வேங்கடாசலபதி விக்கிரகத்தையும் உடன் எடுத்துச் சென்றிருந்தனர். சக்தன் தம்புரான் 1805இல் மறைந்த பின்னும் அது ஆலப்புழையிலேயே இருந்தது. செறளாயிக்குத் திரும்பி வந்தது 1853இல்.