தூணின் தலையில் ஒரு பூ

தூணின் தலைக்கும் அது தாங்கும் உத்தரத்துக்கும் நடுவில் குறுக்காகக் கிடக்கும் கட்டைக்குத் தமிழில் போதிகை என்று பெயர். சிங்களத்தில் பேக்கட என்பார்கள். எங்கள் ஊர் ஓடாவிமார் வெறுமனே 'கட்டை' என்பதோடு சரி. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். உத்தரத்தின் பாரத்தைத் தூணின் சிறிய முகத்தில் மட்டும் இறங்க விடாமல் அகலமாக ஏந்திக்கொள்வது, இரண்டு தூண்களுக்கிடையே உத்தரம் தனியாக நிற்க வேண்டிய தூரத்தைக் குறைப்பது.

தூரத்தைக் குறைப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு தூண்களுக்கு நடுவில் 10 அடி வெளி என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் போதிகை ஓரடி நீண்டால் உத்தரத்துக்கு மிஞ்சுவது 8 அடி. உத்தரத்தை வளைக்கும் விசை தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. போதிகை விறைப்பான மரமாக இருந்தால் 100 பங்காக இருந்த அந்த விசை ஏறக்குறைய 64 பங்காகி விடும். உத்தரம் நடுவில் தொய்வதோ அதைவிடவும் குறையும். கோயில் கட்டிய பழைய தச்சர்கள் இதை எழுத்தில் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர்களுடைய கைக்கு இது தெரிந்திருந்தது.

புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழூவோ-துப்ரே என்ற பிரெஞ்சுக்காரர் 1914இல் தென்னிந்தியத் தொல்லியல் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். கல்வெட்டு இல்லாத கட்டடத்துக்கும் காலம் சொல்ல முடியும், தூணையும் போதிகையையும் பார்த்தாலே போதும் என்பது அவர் கண்ட வழி. பல்லவர் போதிகை வளைந்து, அலை அலையாகச் சுருண்டிருக்கும். சோழர் காலத்தில் அது சரிவாக வெட்டப்பட்டு, நடுவில் ஒரு முனை துருத்திக்கொண்டு நிற்கும். அந்த முனையிலிருந்துதான் பிற்காலத்தில் மொட்டு அரும்புகிறது. விஜயநகர, நாயக்கர் காலங்களில் அது கீழ்நோக்கித் தொங்கும் தாமரை மொட்டாகவும் வாழைப்பூவாகவும் முற்றிவிடுகிறது. ஒரு கட்டையின் நுனி பூவாக மாற ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் சென்றிருக்கின்றன.

இதற்கும் எமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கேட்டும் இருக்கிறார்கள். அக்கரையில் கீழக்கரைக்கோ காயல்பட்டினத்துக்கோ போய் பழைய பள்ளிவாசல் ஒன்றின் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தவருக்கு அந்தக் கேள்வி எழாது. வரிசை வரிசையாகக் கற்றூண்கள். அவற்றின் தலையில் போதிகைகள். வள்ளல் சீதக்காதி கட்டுவித்ததாகச் சொல்லப்படும் கீழக்கரை ஜும்ஆப் பள்ளி 17ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கட்டடக் கலையின் வார்ப்பு. சீறாப்புராணம் பாட உமறுப் புலவருக்குக் கைகொடுத்தவர் என்று நாம் பாடசாலையில் படித்த அதே சீதக்காதிதான். காப்பியத்துக்குத் தமிழ் விருத்தத்தை எடுத்துக்கொண்ட சமூகம் பள்ளிவாசலுக்குத் தமிழ்த் தூணை எடுத்துக்கொண்டது. முதலாவதைப் பற்றி எம்மவர் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றி எழுதியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மெஹ்ர்தாத் ஷுகூஹி என்ற ஆய்வாளர் 2003இல் தென்னிந்திய முஸ்லிம் கட்டடக் கலை பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூலை வெளியிட்டு, இந்தப் பள்ளிவாசல்களையும் அளந்து வரைந்து வைத்தார். அதையும் ஒரு வெளியார்தான் செய்ய வேண்டியிருந்தது.

கோயிற்கற்களைக் கொண்டுவந்து அடுக்கியதுதானே என்று இலகுவாகச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. தூண்களை அருகில் நின்று பார்க்க வேண்டும். கோயிலென்றால் தெய்வ உருவமோ யாளியோ இருக்கக்கூடிய முகங்களில் இங்கே பூவும் கொடியும் கோணக் கோலங்களும் மட்டுமே இருக்கின்றன. சிற்பிக்கு யார் வீட்டு வேலை செய்கிறோம் என்பது தெரிந்திருக்கிறது. எதை விட வேண்டுமோ அதை விட்டான், எதை வைத்துக்கொள்ளலாமோ அதை வைத்துக்கொண்டான். போதிகையின் மொட்டு வைத்துக்கொண்டதில் சேர்ந்தது.

இலங்கைப் பக்கம் வந்தால் 1344ஆம் ஆண்டு கவனத்துக்குரியது. இப்னு பதூதா மாலைதீவிலிருந்து வந்து புத்தளக் கரையில் இறங்கி, ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாவா ஆதம் மலைக்கு ஏறியது அந்த ஆண்டில். அதே ஆண்டில்தான் கண்டிக்கருகே கடலாதெனிய விகாரை எழுந்தது. அதன் தலைமைச் சிற்பி கணேசுவராசாரி. தென்னிந்தியப் பாணியில் அமைந்த கற்கட்டடம் அது. சற்றுத் தூரத்தில் உள்ள எம்பெக்க தேவாலயத்தில் அந்தக் கலை மரத்துக்கு மாறிவிடுகிறது. அங்குள்ள மரத்தூண்கள் கம்பளை அரசவை மண்டபத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை என்று மரபு சொல்கிறது. தூண்களின் சதுர முகங்களில் உள்ள மற்போர் வீரரையும் இரட்டைத் தலைப் பறவையையும் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். நான் அண்ணாந்து பேக்கடயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டி மகுல் மடுவவிலும் அதே வடிவம்தான். 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்தது அந்தத் தாமரை மொட்டுகளின் கீழே. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இந்தத் தச்சுவேலைக்கு உரிய இடம் கொடுத்திருக்கிறார். வில்லியம் மோறிஸ் பயன்படுத்திய அச்சியந்திரத்திலேயே அந்த நூலை அவர் அச்சிட்டார் என்பது கைவினையை நேசிப்பவர்களுக்குச் சுவையான செய்தி.

எங்கள் ஊர்ப் பழைய பள்ளியின் முன்விறாந்தையில் முதிரை மரத்தூண்கள் இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் மொட்டு வைத்த போதிகை. 1970களின் இறுதியில் பள்ளியை விரித்துக் கட்டியபோது தூண்கள் விறகுவிலைக்குப் போயின. கொங்கிறீட் தூண் வந்தது, பிறகு குப்பா வந்தது. இடம் போதாமல் விரித்துக் கட்டியதில் குறை காண ஒன்றுமில்லை. ஒரு படமாவது பிடித்து வைத்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். போதிகைகளில் ஒன்றை வாப்பா வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். பல வருடங்கள் அது மாட்டுக் கொட்டிலில் நெல்மூட்டைக்கு அடியில் கிடந்தது. நீளம் 30 அங்குலம், அகலம் 6, உயரம் 7. ஒரு பக்க மொட்டு உடைந்திருக்கிறது.

வீட்டு விறாந்தைக் கூரையை மாற்ற வேண்டி வந்தபோது அந்தக் கட்டையை மாதிரியாக வைத்து ஐந்து தூண்களுக்கும் புதிதாகப் போதிகை செய்வது என்று முடிவெடுத்தேன். ஓடாவியார் கட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"தம்பி, இது கோயில் வேலையெல்லோ. நம்மட ஊட்டு விறாந்தையில இது எதுக்கு?"

"காக்கா, இது நம்மட பழைய பள்ளியில இருந்தது."

அவர் நம்பவில்லை. அவர் பிறப்பதற்கு முன்பே பள்ளி இடிபட்டுப் போயிற்று என்றால் நம்புவார். அவருக்கு அப்போது பத்து வயது. அந்தத் தூண்களில் சாய்ந்திருந்து ஓதியவர். தலைக்கு மேலே இருந்ததை அண்ணாந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான். அடுத்த தலைமுறைக்கு அண்ணாந்து பார்க்கவும் எதுவும் இல்லை.

குப்பாவும் மினாராவும் இருந்தால்தான் பள்ளி என்ற எண்ணம் எப்படியோ எம்மிடையே ஊன்றிவிட்டது. மதீனாப் பள்ளியின் முதல் தூண்கள் ஈச்சமரத் தண்டுகள், கூரை ஈச்ச ஓலை. உஸ்மான் (ரலி) அவர்கள் அதை விரித்துக் கட்டியபோது தூண்கள் செதுக்கிய கல்லுக்கு மாறின. கூரைக்குத் தேக்கு வந்தது. தேக்கு அரபு மண்ணில் வளரும் மரமன்று, கடல் கடந்து வந்தது. துருக்கியில் பெய்ஷெஹிர் என்ற ஊரில் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய எஷ்ரெபோலு பள்ளியில் இன்றும் மரத்தூண்கள்தாம் நிற்கின்றன. அவற்றின் தலையும் செதுக்குவேலை நிறைந்தது. அதையும் சேர்த்து அந்நாட்டின் ஐந்து மரத்தூண் பள்ளிவாசல்களை யுனெஸ்கோ 2023இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏற்றியது.

இதையெல்லாம் ஓடாவியாருக்குச் சொல்லவில்லை. அவருக்கு வேறு கவலை இருந்தது. கட்டையின் நார் நீளவாக்கில் ஓட வேண்டும், அப்போதுதான் உத்தரத்தைத் தாங்கும். ஆனால் மொட்டு கீழ்நோக்கித் தொங்குகிறது. அதன் கழுத்தில் நார் குறுக்கே வெட்டுப்படுவதால் சின்னத் தட்டுக்கும் உடைந்துவிடும். கல்லில் செய்த சிற்பிக்கு இந்தச் சிக்கல் இல்லை, கல்லுக்கு நார் கிடையாது. கல்லிலிருந்து மரத்துக்கு வந்த வடிவம் இது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

பழைய கட்டையில் உடைந்த பக்கத்தைச் சுரண்டிப் பார்த்தார் ஓடாவியார். உள்ளே வட்டமான ஒரு துளை தெரிந்தது. மொட்டைத் தனி மரத்தில், நார் மேலிருந்து கீழாக வரும்படி கடைந்து, மரமுளை அடித்து ஏற்றியிருக்கிறார்கள். "ஆள் விசயம் தெரிஞ்சவன்" என்றார். அதற்குப் பிறகு கோயில் வேலை என்ற பேச்சை எடுக்கவில்லை.

அட்டையில் பக்கத் தோற்றத்தை வரைந்து வெட்டி மரத்தின் இரு முகத்திலும் வைத்துக் கோடு போட்டோம். வாளால் தோள்களை அறுத்து, உளியும் கொட்டாப்புளியுமாக வளைவை எடுத்தார். தூணின் தலையில் 2 அங்குலக் கழுந்து, போதிகையின் அடியில் அதற்கேற்ற துளை. ஆணி ஒன்றுகூட இல்லை. உத்தரத்தின் பாரமே எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கிறது. மொட்டின் இதழ்களுக்கு மட்டும் இரண்டு நாள் சென்றது.

ஐந்து தூண்களில் இரண்டுக்குப் போதிகை ஏறியிருக்கிறது. மீதிக்கு எடுத்த முதிரை இன்னும் ஈரம் காயவில்லை, கொட்டிலில் நிழலில் அடுக்கி வைத்திருக்கிறோம். ஓடாவியார் அட்டை மாதிரியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்.